கெவுர்ட்ஸ்ட்ராமினர் ஒயினும் நெல்லைச் சமையலும்: மிளகாயை விடப் புளியைக் கவனியுங்கள்

அண்ணாச்சி, பிரான்சில் வேலை பார்க்கும் உங்கள் மருமகன் அல்சாஸ் பகுதியில் வாங்கிய கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்னும் வெள்ளை ஒயின் பாட்டில் ஒன்றைப் பாளையங்கோட்டை வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருப்பதாகவும், மசாலாவும் காரமும் சேர்ந்த இந்திய உணவுக்கு இதைவிடப் பொருத்தமான ஒயின் கிடையாது என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அது உண்மைதானா, உண்மையென்றால் மதினி சமைக்கும் நம் ஊர்ச் சமையலில் எதனோடு அதைக் குடிப்பது என்பது உங்கள் கேள்வி. ஓட்டல்களில் ஒயின் பரிமாறும் பணியில் இருந்தவன் என்ற முறையிலும், தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் என்ற முறையிலும் இதற்கு விரிவாகவே பதில் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

மருமகன் சொன்னது பாதி உண்மை. தேங்காய்ப்பால், இஞ்சி, பச்சை மிளகாய், முந்திரி, நெய், ஏலக்காய் ஆகியவை முன்நிற்கும் உணவுக்கு இந்த ஒயின் மிக நன்றாக ஒத்துப்போகும். புளி கரைத்து ஊற்றிய எந்தக் குழம்போடும் ஒத்துப்போகாது. “இந்திய உணவு” என்று மொத்தமாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் வடநாட்டுக் குருமாக்களையோ, தாய்லாந்துச் சமையலையோ மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். அவர்கள் மிளகாயைப் பற்றியே பேசுவார்கள், புளியைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஆனால் நம் அடுப்படியில் வாரத்தில் பாதி நாளுக்குமேல் புளி கரைக்கிறோம். ஆகவே இந்த பாட்டிலைத் திறக்கும் நாளில் என்ன சமைப்பது என்பதை மிளகாயின் அளவைப் பார்த்து முடிவு செய்வதைவிடப் புளியைப் பார்த்து முடிவு செய்வதுதான் சரி.

கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்பது திராட்சை இனத்தின் பெயர். அதிலிருந்து செய்யும் ஒயினுக்கும் அதுவே பெயராக வழங்குகிறது. வெள்ளை ஒயின் தருவதாக இருந்தாலும் இந்தப் பழத்தின் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும்; அதனால்தான் ஒயினின் பொன்னிறம் மற்ற வெள்ளை ஒயின்களைவிடச் சற்று ஆழமாகத் தெரியும். சவன்யான் என்னும் மிகப் பழைய இனத்தில் இயல்பாக நேர்ந்த மரபணு மாற்றத்தால் தோல் சிவந்து மணம் மிகுந்த வடிவம் இது. இத்தாலியின் வடக்கே தென் டிரோல் பகுதியிலுள்ள டிரமின் என்னும் ஊரோடு இதன் பழைய பெயர் தொடர்புடையது. இன்று ஜெர்மனியின் ஃபால்ஸ், பாடன் பகுதிகளிலும், நியூசிலாந்தின் கிஸ்போர்னிலும், கலிபோர்னியாவின் ஆண்டர்சன் பள்ளத்தாக்கிலும் பயிராகிறது என்றாலும், இதற்குப் பெரும்பெயர் வாங்கித் தந்தது அல்சாஸ்தான். அங்கே ரீஸ்லிங், பினோ கிரி, மஸ்கட் ஆகியவற்றோடு இதையும் சேர்த்து நான்கு உயர்ந்த இனங்கள் என்று மதிக்கிறார்கள்.

அல்சாஸின் நில அமைப்பு நம்மவர்களுக்கு உடனே புரியும். மேற்கே வோஜ் மலைத்தொடர் நிற்கிறது. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையின் அந்தப் பக்கத்திலேயே பெரும்பாலான மழையைக் கொட்டிவிடுவதால், கிழக்குப் பக்கத்துச் சமவெளியில் இருக்கும் கொல்மார் பிரான்சிலேயே மழை குறைந்த ஊர்களில் ஒன்றாக இருக்கிறது. பொதிகைக்குக் கிழக்கே இருந்துகொண்டு தென்மேற்குப் பருவமழையை மேகமாக மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேறுபாடு குளிரில்தான் இருக்கிறது. கெவுர்ட்ஸ்ட்ராமினர் வசந்தத்தில் சீக்கிரமே தளிர்விட்டு, நீண்ட இலையுதிர்காலத்தில் பகல் வெயிலையும் இரவுக் குளிரையும் மாறி மாறி வாங்கிப் பழுக்கும் கொடி. கொடிக்கு உறக்கக் காலமே இல்லாத நம் வெப்ப நாட்டில் அதைப் பயிராக்கி அந்த மணத்தை எடுப்பது மிகக் கடினம்.

அந்த மணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒயினை வாங்குகிறவர்கள் அதற்காகவே வாங்குகிறார்கள். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனவுடன் ரோஜாவும் லிச்சிப் பழமும் சேர்ந்து எழும். பின்னாலேயே இஞ்சி, கிராம்பு, சில பாட்டில்களில் தேன் ஆகியவற்றின் சாயல் வரும். லிச்சி மணம் என்பது சுவைஞர்களின் கற்பனை இல்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், லிச்சிப் பழத்திலும் கெவுர்ட்ஸ்ட்ராமினர் ஒயினிலும் ஒரே மணப்பொருள்கள் பல இருப்பதைக் காட்டினார்கள். அவற்றுள் முதன்மையானது ரோஸ் ஆக்சைடு என்பது. அதனோடு லினலூல், ஜெரானியால், சிட்ரனெல்லால் ஆகிய டெர்பீன் வகை மணப்பொருள்களும் இதில் உண்டு. லிச்சி நம் பக்கத்தில் அதிகம் பழக்கமில்லாத பழம். ஆனால் குற்றாலத்தில் சாரல் காலத்தில் கூடை கூடையாக விற்கும் ரம்புட்டான் லிச்சியின் குடும்பத்தைச் சேர்ந்தது, அதைத் தோலுரித்து முகர்ந்து பார்த்தால் ஓரளவு பிடிபடும். அதைவிட நெருக்கமானது கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இனம்; அதன் பன்னீர் மணத்துக்கும் டெர்பீன்கள்தாம் காரணம். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்கப்பட்டுப் பழகிய நமக்கு இந்த ஒயினின் மணம் அந்நியமாகத் தோன்றாது என்பது என் அனுபவம். முதன்முதலில் குடிக்கும் ஐரோப்பியர்களில் சிலர் “சோப்பு வாசனை அடிக்கிறது” என்று முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மணம் இவ்வளவு தாராளமாக இருப்பதற்கு விவசாயி ஒரு விலை கொடுக்கிறார். திராட்சையின் தோலில் இந்த மணப்பொருள்கள் முழுமையாகச் சேர வேண்டுமென்றால் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது பழத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, அமிலம் இறங்கிக்கொண்டே போகிறது. ஏறிய சர்க்கரை நொதித்து ஆல்கஹாலாகும். நொதிக்காமல் விட்டது இனிப்பாக மிஞ்சும். ஆகவே கெவுர்ட்ஸ்ட்ராமினர் பொதுவாக 13 முதல் 14.5 விழுக்காடு வரை ஆல்கஹாலும், குறைந்த புளிப்பும், வாயில் வழவழப்பான கனமும், பல சமயம் கொஞ்சம் இனிப்பும், தோலிலிருந்து வரும் மெல்லிய கசப்பு முடிவும் உடையதாக இருக்கிறது. உணவோடு சேர்க்கும்போது நமக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் அமைவன இந்தக் குணங்களே.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது பாட்டிலின் சீட்டைப் பார்ப்பது. உயரமாக, மெலிந்து, தோள் சரிந்து இருக்கும் அந்த பாட்டில் வடிவம் அல்சாஸ் வெள்ளை ஒயின்களுக்குச் சட்டம் விதித்தது. 1972 முதல் அங்கேயே அடைத்தாக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு அறுவடை முதல் அல்சாஸ் ஒயின்களில் இனிப்பின் அளவைச் சீட்டில் குறிப்பிடுவது கட்டாயமாகியிருக்கிறது. “செக்” என்றால் இனிப்பில்லாதது, லிட்டருக்குப் பொதுவாக 4 கிராம் சர்க்கரைக்குள் இருக்கும். “டெமி செக்” என்றால் இலேசான இனிப்பு, 12 கிராம் அளவுக்குள். “முவலோ” என்றால் 45 கிராம் வரை செல்லும் இனிப்பு. அதற்கும் மேலே “டூ”. புளிப்பு மிகுந்த ஒயினாக இருந்தால் முதல் இரண்டு வகைகளில் சற்றுக் கூடுதல் சர்க்கரையை விதி அனுமதிக்கிறது. இவை தவிர “வான்டாஞ் டார்டீவ்” என்று எழுதியிருந்தால் அது காலம் தாழ்த்தி அறுத்த பழத்தின் ஒயின். “செலெக்சியோன் த கிரேன் நோப்லு” என்றால் ஒருவகைப் பூஞ்சை பிடித்துச் சுருங்கிய பழங்களைப் பொறுக்கிச் செய்த, இன்னும் செறிந்த இனிப்பு ஒயின். இந்த இரண்டுக்கும் 1984-இல் சட்ட வரையறை வந்தது. “கிராண்ட் க்ரூ” என்று இருந்தால் அல்சாஸில் அங்கீகரிக்கப்பட்ட 51 சிறப்பு நிலங்களில் ஒன்றிலிருந்து வந்தது என்று பொருள். ஹெங்ஸ்ட், கோல்டெர்ட் போன்ற சுண்ணாம்பும் களியும் கலந்த நிலங்கள் கெவுர்ட்ஸ்ட்ராமினருக்குப் பேர்போனவை. நம் சாப்பாட்டுக்கு எது வேண்டும் என்று கேட்டால் நான் டெமி செக் என்பேன், முவலோவும் தாங்கும்.

இனி, புளி ஏன் ஆகாது என்பதைப் பார்ப்போம். உணவில் இருக்கும் புளிப்பு ஒயினில் இருக்கும் புளிப்பைவிட அதிகமாக இருந்தால், நாக்கு உணவின் அளவுக்குப் பழகிவிட்டு, அடுத்து வரும் ஒயினைச் சப்பென்று உணரும். திராட்சையின் முதன்மை அமிலமும் புளியின் முதன்மை அமிலமும் ஒன்றே, டார்டாரிக் அமிலம். புளிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஒயினைக் குடிப்பவர் அதே அமிலத்தைப் பல மடங்கு செறிவில் வாங்கிய நாக்கோடு குடிக்கிறார். ரீஸ்லிங் போன்ற புளிப்பு கூர்மையான ஒயின் ஓரளவு சமாளிக்கும். இயல்பிலேயே அமிலம் குறைந்த கெவுர்ட்ஸ்ட்ராமினருக்கு அங்கே நிற்க இடமில்லை. ரோஜா மணம் அப்படியே இருக்க, உடம்பு மட்டும் கரைந்துபோய், இனிப்பும் கசப்பும் ஆல்கஹாலும் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே புளிக்குழம்பு, வத்தக்குழம்பு, எண்ணெய்க் கத்தரிக்காய், நம் ஊர்ப் புளிமிளகாய் ஆகியவற்றை அன்றைக்கு இலையிலேயே வைக்க வேண்டாம். கூட்டாஞ்சோற்றிலும் புளி இருக்கிறது. எனக்கு உயிரான உணவு, ஆனாலும் இந்த ஒயினோடு வேண்டாம். தயிர்ச்சோறு, ஊறுகாய், ரசம் மூன்றுக்கும் இதே தீர்ப்புதான்.

மிளகாய் இரண்டாவது கேள்வி. மிளகாயின் கேப்சைசின் சுவை மொட்டுகளில் வேலை செய்வதில்லை. வெப்பத்தை உணர்வதற்காக நரம்பில் இருக்கும் ஓர் ஏற்பியைத் தூண்டுகிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆல்கஹாலும் அதே ஏற்பியை எளிதில் தூண்டப்படும் நிலைக்குக் கொண்டுவருகிறது. ஆகவே 14 விழுக்காடு ஒயினைக் காரத்தின்மேல் குடித்தால் எரிச்சல் அடங்காது, ஏறும். ஒயினில் உள்ள இனிப்பும் குளிர்ச்சியும் அந்த எரிச்சலை ஓரளவு தணிக்கின்றன. ஆல்கஹால் ஒரு பக்கமும் இனிப்பும் குளிர்ச்சியும் மறுபக்கமுமாக இழுப்பதால், இலேசான இனிப்புள்ள கெவுர்ட்ஸ்ட்ராமினர் நடுத்தரக் காரத்தைத் தாங்கும், உச்சக் காரத்தைத் தாங்காது. செங்கோட்டைப் பக்கம் எல்லையோரப் பரோட்டாக் கடைகளில் மிளகு போட்டுப் பொரிக்கும் நாட்டுக்கோழியையும், சாத்தூர்க் காரச்சேவையும் வைத்துக்கொண்டு இந்த ஒயினைக் குடிப்பதில் எந்தப் பயனும் இல்லை. அங்கே குளிர்ந்த பீர் எவ்வளவோ மேல்.

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். நெல்லைச் சைவச் சமையலில் இந்த ஒயினுக்கென்றே செய்ததுபோல ஓர் உணவு இருக்கிறது, அது சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் வைக்கும் மாப்பிள்ளைச் சொதி என்பதால், மருமகன் கொண்டுவந்த பாட்டிலுக்கு முறைப்படியும் அது பொருந்துகிறது. சொதியில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மூன்று முறை பிழிந்த தேங்காய்ப்பால், குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி, உரித்த சின்ன வெங்காயம், பூண்டு, அரைத்துச் சாறெடுத்த இஞ்சியும் பச்சை மிளகாயும். புளி இல்லை, வத்தல் மிளகாய் இல்லை, வறுத்தரைத்த மசாலா இல்லை. முதல் பாலின் கொழுப்பும் இனிப்பும் ஒயினின் வழவழப்பான கனத்துக்கு ஈடு கொடுக்கின்றன. மெலிந்த வெள்ளை ஒயின் ஒன்றைத் தேங்காய்ப்பாலோடு குடித்தால் அது தண்ணீராகிவிடும். இஞ்சியின் மணத்திலும் இந்த ஒயினின் மணத்திலும் டெர்பீன் உறவுகள் இருப்பதால் ஒன்று மற்றொன்றை மூடிவிடாமல் தூக்கிக் காட்டுகிறது. பச்சை மிளகாயின் காரம் தேங்காய்ப்பாலால் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது, மிச்சத்தை ஒயினின் இனிப்பு பார்த்துக்கொள்ளும்.

மதினியிடம் இரண்டு வேண்டுகோள்களை மட்டும் வைக்கிறேன். அடுப்பை அணைத்தபின் பிழியும் எலுமிச்சைச் சாற்றை வழக்கத்தில் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். சொதிக்கு அந்தப் புளிப்பு வேண்டும்தான், ஆனால் ஒயினுக்கு அது அதிகம். சொதிக்குத் துணையாக வைக்கும் இஞ்சித் துவையலில் புளி சேர்வதால், அதில் புளியைக் குறைத்து வெல்லத்தைச் சற்றுக் கூட்டி, இலையோரம் தொட்டுக்கொள்ளும் அளவில் வைக்கலாம். உருளைக்கிழங்கு வறுவல் அப்படியே இருக்கட்டும். உப்பும் எண்ணெயும் இந்த ஒயினின் மெல்லிய கசப்பை மறைத்துவிடும். சோற்றுக்குப் பதிலாக இடியாப்பத்தோடோ ஆப்பத்தோடோ சொதியை மாலை நேரத்தில் சாப்பிடுவது இன்னும் உகந்தது. பகலில் இலை போட்டு, குழம்பு ரசம் மோர் என்று வரிசையாகப் போகும் சாப்பாட்டில் ஒயினுக்கு இடம் தேடுவது வீண்வேலை என்பது என் கருத்து. பத்து நிமிடத்துக்குள் நான்கு புளிப்புகளைக் கடக்கும் சாப்பாடு அது.

சொதிக்கு அடுத்தபடியாக, தேங்காயும் சீரகமும் மிளகும் அரைத்து வைக்கும் புளியில்லாக் கறியும் பொருந்தும். அவியலில் மாங்காயோ தயிரோ சேர்ப்பதைக் குறைத்தால் அதுவும் ஆகும். உளுந்தம்பருப்புச் சோற்றின் தேங்காய் மணத்துக்கும் பூண்டுக்கும் ஒயின் நன்றாகவே ஒத்துழைக்கிறது. அதோடு வழக்கமாக வரும் எள்ளுத் துவையல்தான் சிக்கல். எள்ளின் கசப்பும் ஒயினின் கசப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. துவையலை விட்டுவிட்டு உளுந்தஞ்சோறு சாப்பிடச் சொன்னால் நம் ஊரில் யார் கேட்பார்கள்? ஆகவே அதை ஒயின் இல்லாத நாளுக்கு ஒத்திவைப்போம்.

அசைவத்தில் முதலிடம் கடலுக்கு. உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி பக்கம் கிடைக்கும் இறால், நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் சதையில் இயல்பாகவே ஓர் இனிப்பு உண்டு. அதைப் புளியில் போடாமல், சின்ன வெங்காயமும் இஞ்சியும் பச்சை மிளகாயும் வதக்கித் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டு, கறிவேப்பிலை தாளித்து இறக்கினால், இந்த ஒயினுக்கு அதைவிட நல்ல துணை கிடைப்பது அரிது. சீலா மீனையும் அப்படியே தேங்காய்ப்பாலில் செய்யலாம். வழக்கமான மீன் குழம்பு வேண்டாம், காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். கருவாட்டின் பக்கமே போக வேண்டாம்.

இறைச்சியில் குருமா வகை நல்லது. முந்திரி, தேங்காய், சோம்பு அரைத்து, பட்டை கிராம்பு ஏலக்காய் தாளித்துச் செய்யும் கோழிக் குருமாவும், மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கத்து வீடுகளின் நெய்ச்சோறும் சேர்ந்தால் ஒயின் தலைநிமிர்ந்து நிற்கும். அந்த வீடுகளில் ஒயினுக்கு இடமில்லை என்பது வேறு. அவர்களின் சமையல் முறையை நாம் நம் வீட்டில் கடன் வாங்குகிறோம். கொத்தமல்லி விதையின் மணத்துக்கு முதன்மைக் காரணம் லினலூல். அதே லினலூல் ஒயினிலும் இருப்பதால் மல்லி தூக்கலாக இருக்கும் குருமா கூடுதல் பொருத்தம் என்று சிலர் வாதிப்பார்கள். மணப்பொருள் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டும் பொருந்திவிடும் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. புளிப்பும் கொழுப்பும் இனிப்பும் முதலில் சரியாக அமைந்த பிறகுதான் அந்த ஒற்றுமை உதவிக்கு வரும். ஆட்டுக்கறிச் சுக்காவுக்கு வெள்ளை ஒயின் வேண்டாம்.

அல்சாஸ்காரர்கள் இதை எதனோடு குடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது பயன்படும். வோஜ் மலைப் பசும்பாலில் செய்து, உப்புநீரால் தோலைக் கழுவிக் கழுவி முதிரவைக்கும் மன்ஸ்டர் என்னும் கடுமணச் சீஸை, சீமைச் சோம்பைத் தூவிக்கொண்டு இந்த ஒயினோடு சாப்பிடுவது அங்கே புகழ்பெற்ற சேர்க்கை. வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி மாவுத் தட்டில் பரப்பிச் சுடும் டார்ட், கொழுத்த வாத்தின் ஈரல் ஆகியவையும் உண்டு. உப்பு, கொழுப்பு, விதை மசாலா என்ற இந்த மூன்றும் அங்கேயும் திரும்பத் திரும்ப வருகின்றன. மன்ஸ்டர் நமக்குக் கிடைக்காது, கிடைத்தாலும் வீட்டில் பாதிப்பேர் வாசலுக்குப் போய்விடுவார்கள். நெய்யில் வறுத்து உப்புத் தூவிய முந்திரியும், சூடான உளுந்த வடையும் தேங்காய்ச் சட்னியும் நமக்குப் போதும். சட்னியில் புளி வேண்டாம்.

அல்வாவைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள் என்று தெரியும். ஒயின் உலகில் உறுதியாக நம்பத்தக்க விதி ஒன்று உண்டு: இனிப்புப் பண்டத்தோடு குடிக்கும் ஒயின் அந்தப் பண்டத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒயின் புளித்தும் கசந்தும் தோன்றும். சம்பா கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த நம் அல்வாவுக்கு முன்னால் டெமி செக் நிற்காது, முவலோவும் நிற்காது. செறிந்த இனிப்புள்ள செலெக்சியோன் வகைகூட அந்த நெய்யோடு சேரும்போது திகட்டலைக் கூட்டும் என்றே நினைக்கிறேன். அல்வாவை அதற்குரிய முறையில், இலைத்துண்டில் சூடாக வாங்கி, பின்னால் ஒரு கை மிக்சரோடு முடித்துக்கொள்வதுதான் மரியாதை. தூத்துக்குடி மக்ரூனும் சர்க்கரை மிகுந்ததுதான் என்றாலும், முட்டை வெண்கருவில் காற்றேறி இலேசாக இருப்பதாலும் முந்திரி மணத்தாலும், வான்டாஞ் டார்டீவ் பாட்டிலாக இருந்தால் ஒன்றிரண்டு கடித்துப் பார்க்கலாம். சாரல் காலமாக இருந்தால் குற்றாலத்து ரம்புட்டானை உரித்துக் குளிரவைத்து வைப்பதையே நான் விரும்புவேன்.

பரிமாறும் குளிர்ச்சி நம் ஊரில் சமையலுக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. இந்த ஒயின் 8 முதல் 10 டிகிரி செல்சியஸில் கிளாஸுக்கு வர வேண்டும். அதைவிடக் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். 15 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கில் ஏறி, இனிப்பு வழியத் தொடங்கும். சாதாரண ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம் வைத்து எடுத்தால் சரியாக இருக்கும். பாளையங்கோட்டையில் சித்திரை வெயிலில் மேசைமேல் வைத்த பாட்டில் சிறிது நேரத்திலேயே கெட்டுப்போகும் அளவுக்குச் சூடேறிவிடும். ஆகவே வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிப்பாதி போட்டு அதில் பாட்டிலை நிறுத்துங்கள். வெறும் ஐஸைவிடத் தண்ணீர் கலந்த ஐஸ் வேகமாகக் குளிரவைக்கும். கிளாஸில் கால் பங்குக்குமேல் ஊற்ற வேண்டாம். ஒயினுக்குள்ளேயே ஐஸ் கட்டியைப் போடுவது மட்டும் கூடாது, இருக்கும் கொஞ்சப் புளிப்பையும் அது நீர்த்துப்போகச் செய்துவிடும்.

பாட்டிலைப் பல ஆண்டுகள் பத்திரப்படுத்தும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அமிலம் குறைந்த ஒயின் என்பதால், இனிப்பு மிகுந்த வகைகளையும் சிறந்த கிராண்ட் க்ரூ பாட்டில்களையும் தவிர மற்றவை அறுவடையான சில ஆண்டுகளுக்குள் குடிக்க வேண்டியவை. அதிலும் நம் வீட்டு அலமாரியின் வெப்பத்தில் ஒரு கோடை கழிந்தாலே மணம் மங்கிவிடும். திறக்கும் நாள் வரை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கட்டும். திறந்தபின் மிஞ்சினால் அதே தக்கையை இறுக்கி மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

இந்த பாட்டில் தீர்ந்தபின் இங்கேயே ஏதாவது கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம். அதன் உயர்வகைக் கடைகளில் வெளிநாட்டு ஒயின் சில இருந்தாலும் கெவுர்ட்ஸ்ட்ராமினரை எதிர்பார்த்துப் போக வேண்டாம். நாசிக் பக்கத்தில் செய்யும் வியோனியே என்னும் வெள்ளை ஒயின் கிடைத்தால் வாங்குங்கள். அதுவும் மணம் மிகுந்தது, புளிப்பு குறைந்தது, தேங்காய்ப்பாலோடு கைகோக்கும். அங்கேயே செய்யும் இலேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் மணத்தில் எளியது, ஆனால் புளிப்பு கூடுதல் என்பதால் எலுமிச்சை முழு அளவில் பிழிந்த சொதிக்கு அதுவே மேலாக இருக்கலாம். மருமகன் அடுத்த முறை வரும்போது, இதே அல்சாஸிலிருந்து டெமி செக் ரீஸ்லிங் ஒன்றையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். புளி குறைத்து வைத்த சீலா மீன் குழம்போடு துணிந்து திறக்கக்கூடிய பாட்டில் அதுதான்.